மெயின் கேட் இல்லாத பல்கலைக்கழகம்

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகிற நம் ஆட்கள் முதலில் தேடுவது மெயின் கேட்டைத்தான். பெரிய வளைவு, அதில் பல்கலைக்கழகத்தின் பெயர், உள்ளே இருபுறமும் மரம் வைத்த நீளச் சாலை, அதன் கடைசியில் நிர்வாகக் கட்டடம். சிதம்பரத்தையும் பாளையங்கோட்டைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தையும் பார்த்துப் பழகிய கண் வேறு எதைத் தேடும்? ரெடிங்கில் வேலை பார்க்கும் அக்கா மகள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாத ரயில் பயணம். இறங்கியதும் அத்தான் கேட்டார்: "யுனிவர்சிட்டி எந்தப் பக்கம் மாப்ள?"

எந்தப் பக்கமும் இல்லை, அல்லது எல்லாப் பக்கமும். ஊருக்குள் சுமார் நாற்பது கல்லூரிகள் சிதறிக் கிடக்கின்றன. நம்மூர் ஆதீன மடங்களை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சொத்து, தனித் தலைவர், தனிச் சாப்பாட்டுக் கூடம், தனிச் சிற்றாலயம், கூடவே பக்கத்துக் கல்லூரி மேல் கொஞ்சம் இளக்காரம். மாணவரைச் சேர்ப்பதும் தங்கவைப்பதும், வாராவாரம் ஒன்றிரண்டு பேராக ஆசிரியர் முன் உட்காரவைத்துக் கட்டுரையை அலசுவதும் கல்லூரியின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. இன்ன நாளில் தொடங்கியது என்று சொல்ல ஒரு தேதியும் கிடையாது. 1096-லேயே அங்கே ஏதோ ஒரு வகையில் பாடம் நடந்திருக்கிறது. 1167-இல் இரண்டாம் ஹென்றி மன்னர் ஆங்கிலேய மாணவர்கள் பாரிஸுக்குப் போகக் கூடாது என்று தடுத்தபிறகு கூட்டம் சேர்ந்தது. எது மூத்த கல்லூரி என்ற பங்காளிச் சண்டை யூனிவர்சிட்டி, பேலியல், மெர்ட்டன் என்ற மூன்றுக்கும் நடுவே இன்னும் ஓய்ந்தபாடில்லை. மூன்றுமே 1249-க்கும் 1264-க்கும் இடையில் பிறந்தவை.

அதனால் சுற்றுலாப் பயணிக்கு இந்த ஊர் முதலில் காட்டுவது மதில்களை. தேன் நிறக் கல்லில் ஆளுயரத்துக்கு மேலே நீண்டுகொண்டே போகும் சுவர். நடுவில் பெரிய மரக்கதவு. அந்தக் கதவுக்குள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. எட்டிப் பார்த்தால் தரைவிரிப்பு போட்டதுபோல் வெட்டிய புல்தரை கண்ணில் படும். அதன்மேல் கால் வைக்கப் பெரும்பாலான இடங்களில் ஆசிரியர்களுக்கு மட்டும்தான் உரிமை. நாங்கள் போனது ஜூன் மாதம், தேர்வுக் காலம். பாதிக் கதவுகளில் 'பார்வையாளர்களுக்கு இன்று அனுமதி இல்லை' என்று பலகை. ஒரு கல்லூரி வாசலில் அத்தான் தன் மின்வாரிய ஓய்வூதிய அடையாள அட்டையை நீட்டிப் பார்த்தார். காவலர் அதை வாங்கி, இரண்டு பக்கமும் மரியாதையாகப் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கதவு திறக்கவில்லை.

எங்களுக்கு வாய்த்தது ஒரு மதியத்து ஏமாற்றம், அவ்வளவுதான். இந்தக் கதவுகளுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு இருந்த தடைகளை 1871-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் நீக்க வேண்டியிருந்தது. பெண்கள் 1870-களின் கடைசியிலிருந்து தனிக் கல்லூரிகளில் தங்கிப் படித்தார்கள், தேர்வும் எழுதினார்கள். பட்டம் மட்டும் கிடையாது. 1920-இல்தான் கொடுக்க ஆரம்பித்தார்கள். பம்பாய் மாகாணத்திலிருந்து 1889-இல் சாமர்வில் கல்லூரிக்கு வந்து, இங்கே சட்டம் படித்த முதல் பெண்ணான கார்னிலியா சொராப்ஜி 1892-இல் தேர்வு எழுதினார். பட்டம் கைக்கு வர முப்பது வருடம் ஆயிற்று. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, வாஸ்து, கோபுரம், கோத்திக் பாணி என்று வழிகாட்டிகள் சொல்வதைவிட இதுதான் எனக்கு அதிகம் ஓடிக்கொண்டிருந்தது.

ஊர்க்காரர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒத்துப்போனதே இல்லை. 1209-இல் ஒரு பெண் கொலையானதற்காக ஊர்க்காரர்கள் மாணவர்களைத் தூக்கில் போட, பயந்து ஓடிய ஒரு கூட்டம் கேம்பிரிட்ஜில் போய் உட்கார்ந்தது. அந்தப் பல்கலைக்கழகம் பிறந்த கதை அதுதான். இதைவிடப் பெரிய கலவரம் 1355 பிப்ரவரி 10-ஆம் தேதி நடந்தது. நாற்சந்தியான கார்ஃபாக்ஸில் ஒரு மதுக்கடை. ஊற்றிக் கொடுத்த ஒயின் மட்டம் என்று இரண்டு மாணவர்கள் கடைக்காரரிடம் வம்பு வளர்த்து, கோப்பையை அவர் மேலேயே எறிந்தார்கள். தேவாலய மணி அடித்து இரு தரப்பும் ஆள் திரட்டி, மூன்று நாள் வில்லும் அம்புமாகச் சண்டை. பல்கலைக்கழகத் தரப்பில் 63 பேர் செத்தார்கள் என்பது கணக்கு. ஊர்த் தரப்பில் சுமார் முப்பது. அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். தண்டனையாக நகரத்தின் மேயர் ஆண்டுதோறும் அந்த நாளில் தேவாலயத்துக்கு வந்து, செத்த மாணவர் தலைக்கு ஒரு பென்னி வீதம் 63 பென்னி கட்ட வேண்டும். அது 1825 வரை நடந்தது! அந்த மதுக்கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு வங்கி. சுவரில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். பேருந்துக்கு ஓடுகிற யாரும் நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை.

பணம் கட்டி உள்ளே போகிற கல்லூரிகளில் கிறைஸ்ட் சர்ச்தான் எல்லார் பட்டியலிலும் முதலில் இருக்கும். கட்டணத்தை ரூபாயில் மாற்றிச் சொன்னேன். அக்கா வெளியிலேயே உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். 1525-இல் கார்டினல் உல்சி தொடங்கியது. அவர் மன்னரின் கோபத்துக்கு ஆளாகி விழுந்தபிறகு, எட்டாம் ஹென்றி 1546-இல் தன் கல்லூரியாக ஆக்கிக்கொண்டார். கல்லூரியின் சிற்றாலயமே அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரலும் கூட. ஆனால் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? ஹாரி பாட்டர் படத்தின் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்கு இங்கிருக்கும் கூடம்தான் மாதிரி, படிக்கட்டில் படப்பிடிப்பே நடந்தது. கழுத்தில் கோடு போட்ட மஃப்ளர் சுற்றிய பிள்ளைகள் மாணவர்கள் சாப்பிடும் மேசைகளைப் படமெடுத்துத் தள்ளினார்கள். சுவர் முழுக்கப் பிரதமர்களும் பிஷப்புகளும் சட்டத்துக்குள்ளிருந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனின் பதின்மூன்று பிரதமர்கள் இந்த ஒரே கல்லூரியில் படித்தவர்கள்.

எனக்கு அங்கே பிடித்தது மணி. வாசலுக்கு மேலே கிறிஸ்டோஃபர் ரென் கட்டிய டாம் கோபுரம். அதில் தொங்கும் கிரேட் டாம் என்ற மணி தினமும் இரவு 9.05-க்கு 101 முறை அடிக்கிறது. ஆரம்ப காலத்தில் கல்லூரியில் நூறு மாணவர்கள், பிறகு ஒருவர் சேர்ந்தார், அதனால் 101. அதென்ன ஐந்து நிமிடம்? கிரீன்விச்சுக்கு மேற்கே தள்ளியிருப்பதால் சூரியக் கணக்குப்படி ஆக்ஸ்ஃபோர்டின் நேரம் லண்டனைவிட ஐந்து நிமிடம் பின்தங்கியது. ரயில் வந்து நாடு முழுக்க ஒரே நேரம் என்றான பிறகும் இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கதீட்ரல் வழிபாடுகள்கூட இன்றைக்கும் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் தொடங்குகின்றன. ஐந்து நிமிடப் பிடிவாதம்! திருமண முகூர்த்தத்துக்கே இவ்வளவு பார்ப்பதில்லை நாம்.

போட்லியன் நூலகத்துக்கு மட்டும் காசு கொடுத்து வழிகாட்டியோடு போவது நியாயமான செலவு. தாமஸ் போட்லி 1602-இல் திறந்தது. 1610-இல் லண்டன் புத்தக வியாபாரிகளின் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி இங்கே வரும்படி செய்துகொண்டார்கள். இன்றைக்கு ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டது. இடம் போதாமல் ஸ்விண்டன் அருகே ஒரு பெரிய கிடங்கு கட்டி, கேட்ட நூலை வேனில் கொண்டுவருகிறார்கள். கடன் கொடுக்கும் வழக்கம் இல்லை. உள்நாட்டுப் போரின்போது முதலாம் சார்லஸ் மன்னர் இந்த ஊரையே தலைநகராக வைத்துக்கொண்டு இருந்தார். 1645-இல் அவர் ஒரு புத்தகம் கேட்டு ஆளனுப்ப, நூலகர் விதிப் புத்தகத்தைக் காட்டி முடியாது என்று சொல்லிவிட்டார். மன்னரும் சரி என்று விட்டுவிட்டாராம். உள்ளே நெருப்பு மூட்ட மாட்டேன், சுடர் ஏற்ற மாட்டேன் என்று வாசகர்கள் உறுதிமொழி எடுக்கிற வழக்கம் இன்னும் உண்டு. கீழ்த்தளத்தில் இருக்கும் டிவினிட்டி ஸ்கூல் 1488-இல் முடிந்த மண்டபம். அந்தக் கல் விதானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற அத்தானை வழிகாட்டி வந்து கையைப் பிடித்து நகர்த்த வேண்டியிருந்தது.

வெளியே ராட்கிளிஃப் கேமரா. ஆக்ஸ்ஃபோர்டு என்று கூகுளில் தட்டினால் வருமே, அந்த வட்டக் கட்டடம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டினார். அதுவும் வாசிப்பறை, சும்மா உள்ளே போக முடியாது. எதிரே செயின்ட் மேரி தேவாலயக் கோபுரத்தில் ஏறி மேலிருந்து பாருங்கள்; முழங்கால் நன்றாக இருந்தால் மட்டும். ஒரு கல்லூரியின் இரண்டு கட்டடங்களைத் தெருவுக்கு மேலே இணைக்கும் பெருமூச்சுப் பாலம் 1914-இல் முடிந்தது, படம் எடுக்க நன்றாக இருக்கும், அதற்குமேல் அங்கே ஒன்றுமில்லை. படகு ஓட்டலாம் என்றாள் அக்கா மகள். நீளக் கழியை ஆற்றடியில் ஊன்றித் தள்ளுகிற படகு. கழி சேற்றில் மாட்டிக்கொள்ள, படகை விட்டுக் கழியோடு தொங்கிய ஒருவரைப் பார்த்ததும் அக்கா, "வேண்டாம்டி, கரையிலயே இருப்போம்" என்றாள்.

ஹை ஸ்ட்ரீட்டில் தேர்வு முடித்து வந்த பிள்ளைகளைப் பார்த்தோம். கறுப்பு அங்கி, வெள்ளைச் சட்டை, சட்டையில் குத்திய கார்னேஷன் பூ. முதல் தேர்வுக்கு வெள்ளைப் பூ, நடுவில் இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. சிவப்புப் பூக்காரர்கள் வெளியே வந்ததும் நண்பர்கள் வண்ணத்தாள் துகளையும் நுரையையும் அடித்து நாசம் செய்கிறார்கள். நம்மூர்க் கடைசி நாள் மைத் தெளிப்புதான், அங்கியோடு. அப்படி நனைந்து நின்ற பெண் பிள்ளைகளைப் பார்த்தபோது சொராப்ஜியின் முப்பது வருடம் மறுபடி நினைவுக்கு வந்தது.

பிராட் ஸ்ட்ரீட்டின் நடுவே தார்ச்சாலையில் உருளைக்கற்களைப் பதித்து ஒரு சிலுவை இருக்கும். மேரி அரசியின் ஆட்சியில் லாட்டிமர், ரிட்லி என்ற இரண்டு புரொட்டஸ்டன்ட் பிஷப்புகளை 1555-இலும், பேராயர் கிரான்மரை அடுத்த ஆண்டிலும் உயிரோடு எரித்த இடம். அதே தெரு கிழக்கே முடியும் மூலையில் தலையை நிமிர்த்துங்கள்: காற்றுத் திசைகாட்டியாக ஒரு யானை. அது பழைய இந்தியன் இன்ஸ்டிட்யூட். சமஸ்கிருத அகராதி போட்ட மோனியர் வில்லியம்ஸ், இந்திய சமஸ்தானங்களிலெல்லாம் அலைந்து பணம் திரட்டி, இந்தியாவை ஆளப் போகிறவர்கள் இந்தியாவைப் படிக்கட்டும் என்று எழுப்பியது. 1883-இல் அடிக்கல் நாட்டினார்கள். இப்போது வேறு துறையின் கையில் இருக்கிறது; யானை மட்டும் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

மதியச் சாப்பாடு கவர்ட் மார்க்கெட்டில். 1774-லிருந்து நடக்கும் கூரைச் சந்தை, கறிக்கடை, பூக்கடை, கேக் கடை எல்லாம் உண்டு. அதன்பிறகு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். அங்கே கட்டணம் கிடையாது. 1683-இல் பொதுமக்களுக்குத் திறந்தது, உலகின் முதல் பல்கலைக்கழக அருங்காட்சியகம் என்று பெயர். இப்போதிருக்கும் கட்டடம் 19-ஆம் நூற்றாண்டுடையது. ஒரு தமிழர் இங்கே தெரிந்துகொண்டு போக வேண்டிய கதை திருமங்கையாழ்வாருடையது. கும்பகோணம் அருகே சுந்தரபெருமாள்கோவிலில் உள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் 16-ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி. 1957-இல் கோயிலில் எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணத்தில் இருக்கிறது. 1967-இல் லண்டன் ஏலத்தில் இந்த அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கியிருக்கிறது. நடுவில் இருந்த பத்தாண்டில் நடந்ததை ஊகிக்கப் போலீஸ் மூளை தேவையில்லை. 2019-இல் ஓர் ஆய்வாளர் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது. 2024 மார்ச்சில் திருப்பிக் கொடுக்கப் பல்கலைக்கழக நிர்வாகக் குழு சம்மதித்தது. வழிப்பறி செய்து பெருமாளுக்குத் திருப்பணி செய்தவர் என்றல்லவா திருமங்கை மன்னனைப் பற்றிக் கதை! நாகப்பட்டினத்துப் பொன் புத்தரையே தூக்கிக்கொண்டு வந்து ஸ்ரீரங்கத்து மதில் கட்டினார் என்பார்கள். அவரையே ஒருவன் தூக்கிக்கொண்டு போனால் யாரிடம் முறையிடுவது என்றார் அத்தான்.

ஆஷ்மோலியனை விட்டு வடக்கே வால்டன் தெருவில் நடக்க ஆரம்பித்தால் சுற்றுலாக் கூட்டம் வடிந்துவிடும். இது ஜெரிக்கோ என்ற பகுதி. அச்சகத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். கல்லூரி போலத் தோற்றம் காட்டும் பெரிய கட்டடம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம், 1830-லிருந்து அங்கே இருக்கிறது. நாங்கள் இந்த ஊருக்கு வந்த காரணமே இந்தத் தெருதான். ஜி.யு. போப்பின் நாலடியார் பதிப்பு 1893-லும் திருவாசகப் பதிப்பு 1900-லும் இந்த அச்சகத்தின் கிளாரண்டன் பிரஸ் பெயரில் வந்தவை. தமிழ் மூலமும் ஆங்கிலமும் சேர்த்து அச்சடித்தார்கள். மாணிக்கவாசகருக்கு எழுத்துக் கோத்தவர்கள் இந்தச் சிவப்புச் செங்கல் வீடுகளில் குடியிருந்திருப்பார்கள்.

தூத்துக்குடிப் பக்கத்தில் போப்பைத் தெரியாதவர்கள் குறைவு. 1839-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, சாயர்புரத்தில் பள்ளி நடத்தினார். இன்றைக்கும் அங்கே அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. அப்புறம் தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர். 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பி, அறுபது வயதைத் தாண்டியபிறகு ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கச் சேர்ந்தார். பேலியல் கல்லூரிச் சிற்றாலயத்தின் குருவும் அவரே. திருவாசக முன்னுரையில் அவரே ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பேலியல் முற்றத்தில் கல்லூரித் தலைவர் ஜோவெட்டோடு நடந்துகொண்டிருக்கிறார்; பேச்சு திருவாசகத்துக்கு வருகிறது. அச்சிட்டுவிடுங்கள் என்கிறார் ஜோவெட். நீண்ட வேலையாயிற்றே, அதுவரை நான் இருக்க வேண்டாமா என்கிறார் போப். பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கிறவரை இருப்பீர்கள் என்று பதில் வருகிறது. முன்னுரையின் தேதி போப்பின் எண்பதாவது பிறந்தநாள். ஜோவெட் அதற்கு ஏழு வருடம் முன்பே, 1893-இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இருவருமே செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். வால்டன் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நுழைந்தால் பழைய வாயிற்காவல் வீடு, அதைத் தாண்டினால் தோட்டம். 1848-இல் திறந்தது. டிக்கெட் இல்லை, காவலர் இல்லை, பலகையில் ஒரு தடையும் இல்லை. காலையிலிருந்து யாரிடமும் அனுமதி கேட்காமல் நாங்கள் நுழைந்த முதல் கதவு அதுதான். புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள்.

பள்ளியில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த கதை இருக்கிறதே: 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னார் போப் என்று. பட்டிமன்றத்தில் கை தட்டல் வாங்கித் தருகிற கதை. கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்த ஜார்ஜ் உக்ளோ போப் என்று தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் குருவாகவும் இருந்தவர் என்கிறது. 1820 ஏப்ரலில் பிறந்து 1908 பிப்ரவரியில் இறந்த தேதிகள். அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும், கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுக்க உழைத்ததற்காக அன்போடு வைத்த கல் என்று முடிகிறது. கனடாவில் பிறந்து, இங்கிலாந்தில் இறந்த மனிதர். ஊர் என்று போட்டிருப்பது நம் ஊரை. கட்டுக்கதையைவிட இது எனக்கு எவ்வளவோ மேலாகப் பட்டது.

அத்தான் நாலு கோணத்தில் படம் எடுத்து, "போப் கல்லறையில் தமிழ் மாணவன் என்று எழுதவில்லை, உண்மை இதுதான்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாங்கள் ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் ஊரிலிருந்து, தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா பதில் போட்டுவிட்டார்: "வெள்ளைக்காரன் கல்லை மாத்திருப்பான். பின்னாடி பக்கம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அத்தான் அடுத்த ரயிலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். அக்கா ஒரே பார்வை பார்த்தாள், எல்லாரும் ஏறிவிட்டோம்.